பால்கட்டு

மட்டிக்குலையில் மூன்றாவது சீப்பு.
தொலி அப்படியே இருக்கிறது,
உள்ளே பழம் இல்லை.
செல்சனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"டாக்டர் கெட்டான், என்னா ஆபரேசன்" என்றார்.
மரச்சீனி மூட்டிலும் மண் பறிந்து கிடந்தது.
கிழங்கைத் தின்றுவிட்டு
செடியை மட்டும் நிற்கவிட்டிருந்தது, மரியாதைக்கு.

போன ஆடியில் ஒட்டும் அட்டை வாங்கி வைத்தோம்.
இரவு இரண்டு மணிக்கு அது கத்தியது.
கத்தல் என்றும் சொல்ல முடியாது,
எண்ணெய் இல்லாத சைக்கிள் செயின்.
செல்சன் மண்வெட்டியோடு போனார்.
திரும்பி வந்து வெகுநேரம் கால் கழுவினார்.
அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஆகவே இந்த முறை கம்பிப்பெட்டி.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
றசல்ராஜ் கடையில் கேட்டேன்.
"விஷக்கட்டி இருக்கே, முப்பது ரூபாதான்."
பெட்டி போதும் என்றேன்.
"பிடிச்சு?"
கொண்டுபோய் விடணும்.
"யாருக்க விளையில?"
மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

எலியிடம் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது.
ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நான்.
மழை விட்ட வாரங்களில்
எலிக்காய்ச்சலுக்கென்று எத்தனை குழாய் ரத்தம்.
சானலில் குளித்த ஒரு பையனின் கண்
மஞ்சளாவதைப் பார்த்திருக்கிறேன்.
கையுறை போட்டுத்தான் பெட்டியைத் தூக்கினேன்.

சாளைக்கருவாட்டுக்கு விழுந்தது வெள்ளிக்கிழமை.
விடியுமுன் கிளம்பினேன்,
ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில்
சாக்கு மூடிய பெட்டி.
ஆற்றூர் தாண்டி, திருவட்டார் தாண்டி,
குலசேகரம் போகிற பாதை.
வளைவுகளில் அது ஒருபக்கமாய்ச் சாய்வது
என் முட்டில் தெரிந்தது.

ரப்பர்த் தோட்டத்தில்
தலையில் விளக்குக் கட்டிய ஒருவர்
மரம் மரமாய்க் கீறிக்கொண்டு வந்தார்.
"இங்க விட்டா இது என்னத்தத் தின்னும் டீச்சரே?"
டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை.
சாக்கை விலக்கி விளக்கைக் குனித்தார்.
"குட்டி போட்டதாக்கும்.
பாருங்க, பால்கட்டிக் கிடக்கு."
அடிவயிற்றில் இரண்டு வரிசை,
ரோமம் உதிர்ந்து, சிவந்து.
அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.
சிரட்டையில் சொட்டு விழுந்தது.

சின்னவள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த ஒன்பது நாள்
ஆஸ்பத்திரி வாஷ்பேசினில் நான் பிழிந்து ஊற்றியது
அப்போது ஞாபகம் வந்தது என்று எழுதினால்
செல்சன் சிரிப்பார்.
சிரிக்கட்டும்.

ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

திறந்துவிட்டதும் அது திரும்பிப் பார்க்கவில்லை.
உரக்குழி ஓரம், கிடுகுக் குவியலுக்குள்
நேராகப் போயிற்று,
வேலைக்குத் தாமதமானவர்கள் போவதுபோல.
எனக்கும் நாற்பது நிமிடம் தாமதம்.
"எலியை டூர் கூட்டிட்டுப் போனியா?" என்றார் செல்சன்.

ஒரு மாதம் பொறுத்தோம்.
அதற்குள் இன்னொரு சீப்பு போயிற்று.
பிறகு கிடுகுகளை ஒவ்வொன்றாக,
நின்று நின்று எடுத்தார் செல்சன்.
கிடுகுக்கு அடியில் தேங்காய்ச் சவுரி,
கிழிந்த பாலிதீன், என் பழைய துப்பட்டாவின் நூல்.
யாரும் இல்லை. வளர்ந்து போயிருந்தார்கள்.
உரக்குழியை மூடி, மூடிபோட்ட நீல டிரம் வைத்தோம்.
தென்னையில் ஆளுயரத்தில் தகரம் சுற்றினோம்.
கோழித்தீனி ராத்திரி அடுக்களைக்குள்.
மட்டிக்குலை பழுக்கும்வரை காத்திருக்க மாட்டோம்.
மரச்சீனி முற்றுமுன்பே பிடுங்கி
மீன்கறியோடு தின்று தீர்த்தோம், கொஞ்சம் கசப்புதான்.

மதிலுக்கு மேலே புஷ்பலீலாவின் தலை.
"உங்க எலி இப்ப எங்க பக்கம்."
யாருக்க விளையில?
அவளுக்கும் ஒரு டிரம் வாங்கிக் கொடுத்தோம்.
டிரம் ஒன்று எழுநூறு.
றசல்ராஜின் கணக்கில் பிழை இல்லை.

நேற்று செந்துளுவன் கன்றின் மூட்டில் புதுமண்.
செல்சன் குனிந்து பார்த்தார்.
மண்வெட்டி சாய்ந்திருந்த சுவர்வரை போனார்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார்.